பாட்டு கிளாஸ் ரூமுக்கு என்ன நெய்யறது: வேவ்ஃபார்மா, சரளி வரிசையா, தாளமா?

போன மாசம் திருச்சியில இருந்து ஒரு பாட்டு டீச்சர் போன் பண்ணாங்க. வீட்டு மாடியில 12-க்கு 16 அடில ஒரு ரூம் போட்டு கிளாஸ் எடுக்கறாங்க, தரை டைல்ஸ், சுவர் பூரா பட்டி பாத்து வழவழன்னு பெயிண்ட், பத்து புள்ளைங்க சேர்ந்து ஜண்டை வரிசை பாடினா யாரு சுருதி விலகுறாங்கன்னே தெரிய மாட்டேங்குது, ஒரே இரைச்சல்னாங்க. ஜன்னலுக்கு கர்ட்டன், பின் சுவருக்கு தொங்க விட ஏதாவது, உக்கார ஒரு விரிப்பு, மூணும் வேணுமாம். "ஆனா வீணை படம் போட்டது, ச ரி க ம எழுத்து போட்டது எல்லாம் வேண்டாம்மா, அது கடையிலயே தொங்குது, பாட்டு துணிக்குள்ளயே இருக்கற மாதிரி நெய்ய முடியுமா?"ன்னு கேட்டாங்க.

கரூர்ல கிச்சன் டவலுக்கு கட்டம் போட்டே காலம் ஓட்டற எனக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்தா தூக்கம் வருமா. நாலு வழி யோசிச்சேன், மூணுக்கு சாம்பிளும் ஓட்டி பாத்துட்டேன். இதே மாதிரி வீட்டுல மியூசிக் ரூம், ரெக்கார்டிங் ரூம், டான்ஸ் கிளாஸ்னு வச்சிருக்கவங்க, இல்ல டிசைன் படிச்சிட்டு "இசையில இருந்து துணி"ன்னு ப்ராஜெக்ட் எடுத்தவங்க யாராவது இருந்தா உதவும்னு எழுதறேன்.

எல்லாருக்கும் முதல்ல தோணறது வேவ்ஃபார்ம். ஒரு பாட்டை ரெக்கார்ட் பண்ணி, சாஃப்ட்வேர்ல தெரியற அந்த மேலயும் கீழயும் குத்தற கோடுகளை அப்படியே ஜக்கார்ட்ல, அதாவது ஒவ்வொரு பாவு இழையையும் (நீளவாட்டு நூல்) தனித்தனியா தூக்க முடியற தறியில நெய்யறது. டீச்சர் பையன் பெங்களூர்ல ஐடில இருக்காரு, அவரோட ஐடியாவும் இதான். பாக்க மாடர்னா இருக்கும், போட்டோவுக்கு எடுப்பா இருக்கும், "இது எங்க அம்மா பாடினது"ன்னு சொல்லிக்கலாம். தப்பில்ல. ஆனா கணக்கு போட்டு பாருங்க. பெரிய எலக்ட்ரானிக் ஜக்கார்ட் ஒண்ணுல 2688 கொக்கி இருக்கும், ஒரு கொக்கி ஒரு இழையை தூக்கும், இன்ச்சுக்கு 60 பாவு இழைன்னு வச்சா ஏறக்குறைய 45 இன்ச்சுக்கு திரும்ப வராத டிசைன் போடலாம், நல்ல அகலம்தான். அதுல 3 நிமிஷ ஆலாபனையை அடைச்சா ஒரு இழைக்கு 67 மில்லிசெகண்ட் வருது. ஒரு செகண்டுக்கு அஞ்சு தடவை ஆடற கமகத்துக்கு (சுரத்தை அசைச்சு பாடறது), ஒரு ஆட்டத்துக்கு மூணே மூணு இழை! மூணு இழையில என்னத்த காட்டறது. அதுக்கும் மேல, வேவ்ஃபார்ம் அந்த அளவுல காட்டறது சத்தம் கூடுச்சா குறைஞ்சுதான்னு மட்டும்தான். எந்த ராகம், தோடியா தன்யாசியான்னு விடுங்க, பாட்டா பிரஷர் குக்கரான்னே சொல்ல முடியாது.

நெசவு பக்கமும் தொல்லை இருக்கு. ஒத்தை இழை அகலத்துல அஞ்சு இன்ச் நீளத்துக்கு ஒரு கோடு குத்தி நிக்குதுன்னா அந்த இழை எங்கயும் கட்டு வாங்காம மேலேயே மிதக்கும், வளையல் மாட்டினா உருவிடும். அதனால கோட்டை தடிப்பாக்கணும், நடுவுல கட்டு கொடுக்கணும், கொடுத்தா கோடு மழுங்கும், கடைசியில நெஞ்சுல ஒயர் மாட்டி எடுக்கற ஈசிஜி பேப்பர் மாதிரி ஒண்ணு கையில வரும். என் முதல் சாம்பிளை பாத்துட்டு எங்க அம்மா "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டாங்க, நிஜமா.

இதுலயே ஒரு படி மேல போகணும்னா வேவ்ஃபார்மை விட்டுட்டு ஸ்பெக்ட்ரோகிராம் எடுங்க, அதாவது நேரம் ஒரு பக்கம் ஓட, எந்த உயரத்துல எந்த சுரம் ஒலிக்குதுன்னு காட்டற படம். மூணு நிமிஷம் வேண்டாம், டீச்சர் குரல்ல ஒரே ஒரு பிடி (ராகத்தை காட்டற சின்ன துணுக்கு), 6 செகண்ட், அப்ப ஒரு இழைக்கு 2 மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல, கமகம் வளைஞ்சு வளைஞ்சு போறது பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி தெளிவா விழும், அதுக்கு மேல மேல அதோட ஓவர்டோன் (கூடவே ஒலிக்கற மேல் சத்தம்) எல்லாம் அதே வளைவுல அடுக்கடுக்கா நிக்கும். 8 இழை சாட்டின் நெசவுல, மேல தெரியற பாவுக்கும் ஊடைக்கும் (குறுக்கு நூல்) உள்ள விகிதத்தை 1-க்கு 7ல இருந்து 7-க்கு 1 வரைக்கும் மாத்தினா ஏழு ஷேடு கிடைக்கும், அந்த படத்துக்கு அது போதும். ரொம்ப அழகு, ஒத்துக்கறேன். ஆனா நான் கேட்ட மில்லுல 200 மீட்டருக்கு கீழ தொடவே மாட்டோம்னுட்டாங்க. ஒரு ரூமுக்கு 200 மீட்டர் துணியை வாங்கி என்ன, பந்தல் போடறதா.

ஜக்கார்டை குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, அதுக்கும் இசைக்கும் ரத்த உறவே இருக்கு. 1725ல பிரான்ஸ்ல லியோன் ஊர்ல பாசில் பூஷோன்னு ஒருத்தர் ஓட்டை போட்ட பேப்பர் சுருளை வச்சு எந்த இழை தூக்கணும்னு தறிக்கு சொல்ல வச்சாரு, அவங்க அப்பா ஆர்கன் செய்யறவர். பின்னாடி 1745 வாக்குல தானா ஓடற தறி செஞ்ச வோகான்சன், அதுக்கு முன்னாடி புல்லாங்குழல் வாசிக்கற பொம்மை செஞ்சு பேர் வாங்கினவர். இதையெல்லாம் சேர்த்துதான் 1804 வாக்குல ஜக்கார்ட் அட்டை வந்துச்சு. இன்னைக்கும் காஞ்சிபுரத்துல ஜக்கார்ட் பெட்டி மேல அந்த அட்டை மாலை ஏறி இறங்கறதை பாத்தா ஏதோ வாத்தியத்துக்கு ரோல் மாட்டின மாதிரிதான் இருக்கும்.

ரெண்டாவது வழி, சுரத்தை தறிக்கு சொல்றது. எனக்கு ரொம்ப பிடிச்சு ஏமாந்த வழி இது. டாபி தறியில 8 ஷாஃப்ட் (பாவு இழைகளை கூட்டமா தூக்கற சட்டம்), சுரம் ச ரி க ம ப த நி மேல் ச, எட்டு! முதல் இழை முதல் ஷாஃப்ட்ல, ரெண்டாவது ரெண்டாவதுல, அப்படியே எட்டு வரைக்கும் ஏறி திரும்பி இறங்கினா அதுதான் பாயிண்ட் டிராஃப்ட் (டிராஃப்ட்னா இழை கோக்கற வரிசை), வைர வைரமா விழற துணி எல்லாம் இப்படித்தான் கோக்கறது. அப்ப பாட்டு கத்துக்கறவங்க முதல்ல பாடற சரளி வரிசையோட முதல் பாடமே ஒரு டிராஃப்ட்! நடுராத்திரி ரெண்டு மணிக்கு இது தோணி எழுந்து உக்காந்துட்டேன். மறுநாள் விழுதுல (ஷாஃப்ட்ல இழை நுழையற கண்ணி) கோத்து ஓட்டினா துணியில ரெண்டு இன்ச்சுக்கு பத்து இடத்துல பல்லு விழுந்த மாதிரி கோடு. ஏன்னு பாத்தா, சரளி வரிசையில மேல் சட்ஜத்தை ரெண்டு தடவை பாடறோம், ஏறும்போது ஒரு தடவை, இறங்க ஆரம்பிக்கும்போது ஒரு தடவை. கீழ ச-வும் அதே மாதிரி, முடியும்போது ஒண்ணு அடுத்தது தொடங்கும்போது ஒண்ணு. பாட்டுல 16, ஆனா பாயிண்ட் டிராஃப்ட்ல ரிப்பீட் 14 இழைதான், உச்சியில ஒரு தடவைதான் வரணும். 16 கோத்தா பக்கத்து பக்கத்து ரெண்டு இழை ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும், கண்ணு அதை குத்தம்னுதான் எடுத்துக்கும். காதுக்கு அழகா இருக்கற நிறுத்தம் துணியில பிசகு. 14 ஆக்கினேன், சுத்தமா வந்துச்சு, ஆனா அது எல்லா கடையிலயும் இருக்கற அதே வைர டாபி. சரளி வரிசைன்னு நான் சொன்னாதான் உண்டு.

மோகன ராகம் போடலாம்னு ம-வையும் நி-யையும் விட்டுட்டு கோத்தும் பாத்தேன். ரெண்டு ஷாஃப்ட் சும்மா தொங்குச்சு, வைரம் கொஞ்சம் சின்னதாச்சு, அவ்வளவுதான். தறிக்கு என்ன தெரியும், அது 6 ஷாஃப்ட்ன்னு எடுத்துக்குது. சுரங்களுக்கு நடுவுல இருக்கற தூரம்தான் ராகம், அந்த தூரம் ஷாஃப்ட் நம்பர்ல இல்ல.

சுரத்துக்கு ஒரு கலர்னு வைக்கறது மூணாவது வழி, இதை சாம்பிள் போடாமலே தள்ளிட்டேன். நியூட்டனே ஏழு கலரை ஏழு சுரத்தோட பொருத்தி பாத்தவர்தான், ஆனா உங்களுக்கு க பச்சைன்னா எனக்கு க மஞ்சள், ஒரு அட்டவணையை பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டினாதான் துணியை படிக்க முடியும். மணல் தூவின தகடை வில்லால தேய்ச்சா ஒலிக்கு ஏத்த மாதிரி மணல் கோடு கோடா ஒதுங்கும் பாருங்க, 1787ல கிளாட்னி எழுதி வச்சது, அதை டிசைனா எடுக்கலாம்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னா. அழகுதான், ஆனா நம்ம ஊர்ல அதை பாக்கற எல்லாரும் கோலம்னு சொல்லிட்டு போயிடுவாங்க.

இப்ப தாளத்துக்கு வர்றேன், என் ஓட்டு இதுக்குதான், ஆரம்பத்துலயே சொல்லிடறேன். காரணம் ரொம்ப சிம்பிள். நெசவுங்கறதே எண்ணிக்கை. தாளமும் எண்ணிக்கை. 3-க்கு 4ங்கற அளவு தொடையில தட்டினாலும் துணியில பட்டை போட்டாலும் அதே 3-க்கு 4தான், நடுவுல மொழிபெயர்ப்பே கிடையாது, அட்டவணையும் வேண்டாம். காஷ்மீர்ல கம்பளம் நெய்யறவங்க தாலிம்னு ஒரு குறியீட்டு காகிதம் வச்சிருக்காங்க, எத்தனை முடிச்சு எந்த கலர்ன்னு ஒருத்தர் ராகமா வாசிக்க வாசிக்க மத்தவங்க முடிச்சு போடுவாங்க, அதுவும் எண்ணிக்கை பாட்டாகி கைக்கு வர்றதுதான். நம்ம பாஷையிலயும் பாருங்க, காஞ்சிபுரத்துல சேலை உடம்பையும் பார்டரையும் கோத்து நெய்யறதுக்கு பேர் கோர்வை, தனி ஆவர்த்தனத்துல (மிருதங்கம் தனியா வாசிக்கற இடம்) மூணு தடவை வாசிச்சு சமத்துல (தாளச் சுத்து தொடங்கற இடம்) வந்து விழறதுக்கும் பேர் கோர்வை.

இதுக்கு தோதான துணி பவானி ஜமக்காளம். ஊடை நூல் தடிமனா, பாவே தெரியாத அளவுக்கு அடிச்சு இறுக்கி, பட்டை பட்டையா கலர் மாத்தி நெய்யறது. பட்டைதான் அதோட அழகே. குழித்தறியில கையால ஓடறதால நாலு பீஸ் கேட்டாலும் போட்டு தருவாங்க, 200 மீட்டர் பேச்சு இல்ல.

ஒரு அட்சரத்துக்கு (தாளத்துல ஒரு எண்ணிக்கை) ஒரு இன்ச்னு வச்சு ஆதி தாளம் வரைஞ்சு எடுத்துட்டு போனேன். அதுல மூணு துண்டு, லகு 4, திருதம் 2, திருதம் 2. சிவப்பு 4 இன்ச், சந்தன கலர் 2, திரும்ப சிவப்பு 2. நெசவு பண்ற பெரியவர் பேப்பரை ஒரு நிமிஷம் உத்து பாத்துட்டு "ஏனம்மிணி, இது ஆறும் ரெண்டுமால்ல வருது?"ன்னாரு. சுருக்குன்னு இருந்துச்சு. கடைசி சிவப்பு 2-வும் அடுத்த ஆவர்த்தனத்தோட (தாளத்தோட ஒரு முழு சுத்து) சிவப்பு 4-ம் ஒட்டிக்கிட்டு 6 ஆயிடுது, துணி பூரா 6, 2, 6, 2, தாளம் எங்க போச்சுன்னே தெரியல. துண்டு மூணு, கலர் ரெண்டு, ஒத்தைப்படை எண்ணுல ரெண்டு கலரை மாத்தி மாத்தி போட்டா முட்டத்தான் செய்யும். இதுக்கு ரெண்டு தீர்வு. மூணாவது கலர் சேர்க்கலாம், அப்ப இன்னொரு நாடா (ஊடை நூலை ஓட்டற கருவி), வேலை கூடும். இல்லன்னா கலர் மாறறதை நிறுத்தாம விட்டுடலாம், முதல் ஆவர்த்தனம் சிவப்புல தொடங்கினா ரெண்டாவது தானா சந்தன கலர்ல தொடங்கும், 16 இன்ச்சுக்கு ஒரு தடவைதான் டிசைன் திரும்பும். நான் ரெண்டாவதைத்தான் எடுத்தேன், ஒரு ஆவர்த்தனம் பகல் ஒரு ஆவர்த்தனம் ராத்திரி மாதிரி இருக்கு.

மிஸ்ர சாபு தாளத்துல இந்த தொல்லையே இல்ல. தகிட தகதிமி, 3-ம் 4-ம், துண்டு ரெண்டு கலர் ரெண்டு. ஆனா வேற ஒரு பொறி வச்சிருக்கு. 3-ஐ சந்தன கலர்லயும் 4-ஐ கரு நீலத்துலயும் போட்டு பத்தடி தள்ளி நின்னு பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியுது. வெளிர் கலர் கண்ணுக்கு கொஞ்சம் பெருத்து தெரியும், அடர் கலர் சிறுத்து தெரியும், குண்டா இருக்கறவங்க கருப்பு சட்டை போடறாங்களே அதே சூட்சுமம். கலரை திருப்பி போட்டேன், 4-க்கு சந்தனம், 3-க்கு நீலம், தூரத்துல இருந்தே அந்த நொண்டி நடை தெரிய ஆரம்பிச்சிருச்சு. டிசைன் படிக்கறவங்க இதை குறிச்சு வச்சுக்கங்க, தாளத்துல எந்த துண்டு நீளமோ அதுக்கு வெளிர் கலர்.

பின் சுவருக்கு மூணு பேனல்னு முடிவு பண்ணேன், ஒண்ணு ஆதி 8, ஒண்ணு மிஸ்ர சாபு 7, நடுவுல கண்ட சாபு 5, அதாவது 2-ம் 3-ம். மூணும் 56 இன்ச் உயரம். ஏன் 56ன்னா, எட்டும் ஏழும் மேல ஒண்ணா தொடங்கினா திரும்ப 56லதான் சந்திக்கும், அங்கதான் துணியும் முடியுது. நடுவுல இருக்கற அஞ்சு, 35ல ஏழோட ஒரு தடவை சேரும், 40ல எட்டோட ஒரு தடவை சேரும், அதுக்கப்புறம் 56ல அந்தரத்துல நிக்கும், மூணும் ஒண்ணா சேரணும்னா 280 இன்ச் போகணும், மாடி ரூம்ல இருந்து தெருவுக்கு வந்துடும். ஒவ்வொரு சமத்துலயும் மெல்லிசா ஒரு மஞ்ச கோடு. டீச்சர்கிட்ட படத்தை அனுப்பினதும் "இத வச்சே ஒரு வருஷம் கணக்கு சொல்லி தரலாம்மா"ன்னாங்க.

தரை விரிப்பு 72 இன்ச், ஆதி 9 ஆவர்த்தனம். அதுல கடைசி ரெண்டு ஆவர்த்தனத்துக்கு மட்டும் ஒரு சின்ன குறும்பு, 16 இன்ச்ல ஒரு இன்ச் வெறுமனே விட்டு 5 இன்ச் பட்டை கூட்டம் ஒண்ணையே மூணு தடவை, அதாவது அஞ்சு எண்ணிக்கை சொல்லான ததிங்கிணதொம் மூணு தடவை. அது முடியற இடம்தான் விரிப்போட ஓரம்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. தறியில இழுவிசையில இருக்கும்போது எடுத்த அளவு, அறுத்து எடுத்ததும் சுருங்கும், தண்ணி பட்டா இன்னும் சுருங்கும். என் சாம்பிள் 36 இன்ச் நெய்து 34 ஆச்சு. ஒரே துணிக்குள்ள விகிதம் கெடாது, எல்லா பட்டையும் சேர்ந்தே சுருங்கும், தாளம் பிழைச்சுக்கும், கொஞ்சம் காலப்பிரமாணம் (வேகம்) கூடுது அவ்வளவுதான். ஆனா மூணு பேனலையும் வேற வேற தறியில வேற வேற நூல்ல போட்டீங்கன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கி 56ல சந்திக்க வேண்டியது சந்திக்காது. ஒரே பாவுல ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா போட சொல்லணும்.

இவ்வளவு நேரம் டிசைனை பத்தியே பேசிட்டேன், ஆனா டீச்சர் முதல்ல சொன்ன புகார் இரைச்சல். இதை மறந்துட்டு எத்தனை அழகா நெய்தாலும் வேஸ்ட். 1930ல ஜெர்மனியில பௌஹௌஸ் டிசைன் பள்ளியில படிச்ச ஆனி ஆல்பர்ஸ் டிப்ளமோவுக்கு செஞ்சதே இதான், பெர்னாவ் ஊர்ல ஒரு தொழிற்சங்க பள்ளியோட அரங்குக்கு பருத்தியும் செல்லோஃபேனும் கலந்து சுவர் துணி, அது சத்தத்தை உறிஞ்சும், வெளிச்சத்தை திருப்பி விடும். அதுல இசை பத்தின படம் ஒண்ணும் இல்ல. என்னை கேட்டா சத்தத்துக்காக நெய்த துணியில உருப்படியானது அதுதான்.

எண்ணு சொல்றேன். 340 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணியை சுவரோட ஒட்டி தட்டையா தொங்க விட்டா, 500 ஹெர்ட்ஸ்ல (எண் கூடக் கூட மேல் சத்தம்) துணி மேல படற சத்தத்துல 100ல 11 பங்குதான் உறிஞ்சும், 1000த்துல 17. 610 ஜிஎஸ்எம் வெல்வெட் மாதிரி துணியை ரெண்டு மடங்கு எடுத்து சுருக்கி கொசுவம் வச்சு தொங்க விட்டா 500ல 55, 1000த்துல 72. எவ்வளவு வித்தியாசம் பாருங்க, எடையும் கொசுவமும் சேர்ந்து செய்யற வேலை. சுவருக்கும் துணிக்கும் நடுவுல இடைவெளி விட்டாலும் கூடும், 4 இன்ச் விட்டா சுமாரா 850 ஹெர்ட்ஸ் பக்கம் நல்லா பிடிக்கும், 500-ஐ பிடிக்கணும்னா 7 இன்ச் கிட்ட வேணும். மிருதங்கத்தோட தொப்பி (இடது பக்கத்து தாழ்ந்த) சத்தத்தை எந்த கர்ட்டனும் பிடிக்காது, அதுக்கு ஆசைப்படாதீங்க.

அதே சமயம் நாலு சுவரையும் மூடிடாதீங்க. துணி முதல்ல தின்னறது மேல் சத்தத்தைத்தான். ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி டீச்சரை வீட்டுல இருக்கற கனமான போர்வை எல்லாத்தையும் கயித்துல தொங்க விட்டு ஒரு கிளாஸ் எடுத்து பாக்க சொன்னேன். நாலு சென்னிமலை போர்வை போட்டதும் புள்ளைங்க குரல் தனித்தனியா கேட்டுச்சாம், ஆனா தம்புராவோட ஜீவா செத்து போச்சுன்னாங்க, அந்த ரீங்காரம் பூரா மேல் சத்தம்தானே. பக்க சுவர்ல இருந்து ஒண்ணை எடுத்ததும் திரும்ப உயிர் வந்துச்சாம். மூணு போர்வை அளவுக்குத்தான் அந்த ரூமுக்கு துணி வேணும்னு அப்படித்தான் தெரிஞ்சுது, செலவு ஒரு ரூபா இல்ல.

ரெக்கார்டிங் ரூம் வச்சிருக்கவங்களுக்கு இது மாறும். அங்க ராக்வுல் (கல் நார்) பேனல் வச்சு அதுக்கு மேல துணி போர்த்துவீங்க, அப்ப துணி உறிஞ்ச வேண்டாம், சத்தத்தை உள்ள விட்டா போதும். வாயை துணியில வச்சு ஊதி பாருங்க, காத்து தாராளமா போச்சுன்னா அதுதான் உங்க துணி. ஜமக்காளம் அதுல பெயில், அவ்வளவு இறுக்கம். உங்களுக்கு இன்ச்சுக்கு கம்மி இழை போட்ட சாதா நெசவுல பாவுல தாள பட்டை போட்டுக்கலாம்.

அதனால டீச்சர் ரூமுக்கு முடிவானது இது. பின் சுவர்ல மூணு ஜமக்காள பேனல், சுவர்ல இருந்து 4 இன்ச் தள்ளி கம்பியில. தரையில 9 ஆவர்த்தன விரிப்பு. ஜன்னலுக்கு கனமான காட்டன் டாபி, உள்ள லைனிங் வச்சு ரெண்டு மடங்கு கொசுவம், அதுல என் 14 இழை சரளி வரிசை. யாருக்கும் தெரியாதுதான், கர்ட்டனுக்கு எப்படியும் ஒரு டாபி வேணும், அது சரளியாவே இருந்துட்டு போகட்டுமே. வேவ்ஃபார்ம் ஐடியாவுக்கு பையன் கொஞ்சம் வருத்தம், ஒரு குஷன் கவர் அளவுக்கு பிரிண்ட் அடிச்சு தர்றேன்னு சொல்லியிருக்கேன், நெய்ய மாட்டேன்.

பாவு வர்ற வியாழக்கிழமை தறியில ஏறுது. கண்ட சாபு பேனலுக்கு கலர் இன்னும் முடிவாகல, டீச்சர் பச்சைங்கறாங்க, பெரியவர் "பச்சை சாயம் இப்ப சிட்டாவுக்கு சிட்டா (நூல் கட்டு) மாறி வருது அம்மிணி, அரக்கு போடலாம்"ங்கறாரு.